கொக்கோ விற்ற நாடும் சவுரிமுடி விற்ற நாடும்

கேள்வி: நான் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். தம் பாட்டனார் காலத்தில் வசந்தம் வந்தாலே பட்டினி என்றிருந்த கொரியா, உழைப்பு ஒன்றால் மட்டுமே உயர்ந்தது என்கிறார் எங்கள் மேலாளர். கானாவின் அக்ரா நகரில் கடை வைத்திருக்கும் என் மைத்துனரோ, அந்த ஊர்க்காரர்கள் விடியுமுன் எழுந்து உழைக்கிறார்கள், ஆனாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார். பி.ஏ. பொருளியல் படிக்கும் என் மகளின் பாடநூலிலோ ரோஸ்டோவ், பிரெபிஷ், லூயிஸ் என்று ஒருவரை ஒருவர் மறுக்கும் கோட்பாடுகள் வரிசையாக வருகின்றன. 1960 வாக்கில் ஒரே நிலையில் இருந்த இந்த இரண்டு நாடுகளும் இவ்வளவு விலகிப் போனது ஏன்? எந்தக் கோட்பாட்டை நம்புவது? கானா இனிமேல் கொரியா ஆக முடியுமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வியை வளர்ச்சிப் பொருளியல் படித்தவர்கள் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலக வங்கியின் கணக்குப்படி 1960இல் கானாவின் தலா வருமானம் ஏறத்தாழ 180 டாலர். தென் கொரியாவினுடையது 160 டாலருக்கும் சற்றுக் கீழே. இன்று கொரியாவின் தலா வருமானம் 33,000 டாலரைத் தாண்டிவிட்டது, கானா இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. இந்த இடைவெளியை உழைப்பின் அளவாக வாசிப்பது தவறு மட்டுமல்ல, கானாவின் விவசாயிகளுக்குச் செய்யும் அநீதியும் ஆகும் என்பதே என் உறுதியான கருத்து.

கானாவின் கொக்கோ, வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டத்தில் விளைந்தது அன்று. 1879இல் டெட்டே குவார்ஷி என்பவர் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தின் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்தார் என்பது அந்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அதற்குப் பிறகு சிறு விவசாயிகள் கூட்டுச் சேர்ந்து காட்டு நிலம் வாங்கினார்கள், நடந்தே போய்க் குடியேறினார்கள், மரம் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1911க்குள், கோல்ட் கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்தச் சிறிய நாடு உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. இன்றும் அங்கே காயைக் கத்தியால் பிளந்து, கொட்டையை வாழையிலையில் மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, மூங்கில் பாயில் பரப்பி, ஒரு வாரத்துக்கும் மேலாகக் கையால் கிளறிக் கிளறிக் காயவைத்துத்தான் கொள்முதல் எழுத்தரின் தராசுக்குக் கொண்டுபோகிறார்கள். மூட்டை 64 கிலோ. அந்தத் தராசு சரியாக நிற்கிறதா என்பது கொக்கோ விளையும் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் தகராறு. ஆகவே உங்கள் மைத்துனர் கண்டது உண்மை.

1960இல் இரண்டு நாடுகளும் ஒரே நிலையில் இருந்தன என்பதையும் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். வருமானம்தான் ஒன்றாக இருந்தது, அந்த வருமானத்தின் ஊற்று ஒன்றாக இருக்கவில்லை. கானாவின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி, நல்ல விலை கிடைத்துவந்த ஒரே ஒரு பயிரிலிருந்து வந்தது. கொரியாவினுடையது மூன்றாண்டுப் போரில் தரைமட்டமாகி, அமெரிக்க உதவியால் இறக்குமதி செய்து உண்டுகொண்டிருந்த ஒரு நாட்டின் வருமானம். ஆனால் 1945இல் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோரே எழுத்தறிந்திருந்த கொரியாவில், 1960க்குள் பெரும்பாலோர் படிக்கக் கற்றிருந்தார்கள். நிலமும் உழுதவர் கைக்கு வந்திருந்தது. தலா வருமானக் கணக்கில் இவை இரண்டும் தெரியாது.

ரோஸ்டோவை விரைவாகக் கடந்துவிடலாம். மரபுச் சமுதாயத்தில் தொடங்கிப் பெருந்திரள் நுகர்வு வரை எல்லா நாடுகளும் ஒரே ஐந்து படிகளைத்தான் ஏறும், முதலீடு தேசிய வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மேலெழும் நிலை வந்துவிடும் என்று 1960இல் அவர் எழுதினார். அவர் சொன்ன முன்தேவைகளில் பல 1957இல் விடுதலை பெற்ற கானாவிடம் இருந்தன: கொக்கோ விற்ற பணம் லண்டனில் கையிருப்பாக இருந்தது, நல்ல அதிகாரிகள் இருந்தார்கள், பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. முதலீடும் குறைவாகச் செய்யப்படவில்லை. ஆனால் பொருளாதாரம் மேலெழவில்லை. பிற நாடுகள் முன்பே பணக்கார நாடுகளாகி, சந்தையையும் விலையையும் தங்கள் கையில் வைத்திருக்கும் உலகத்தில் ஒரு நாடு புதிதாகப் புறப்படுகிறது என்பதை அந்தக் கோட்பாடு கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்த இடத்தைத்தான் அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950 வாக்கில் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறாமல் தனித்தனியே தொட்டார்கள். கச்சாப் பொருளை விற்று ஆலைப் பொருளை வாங்கும் நாடு, காலம் செல்லச் செல்ல அதே அளவு இயந்திரத்தை வாங்க மேலும் மேலும் மூட்டைகளை விற்க வேண்டிவரும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. பணக்கார நாட்டில் வருமானம் இரட்டித்தால் கார் வாங்குவோர் கூடுவார்கள். சாக்லேட் தின்னும் அளவு அந்த விகிதத்தில் கூடாது. கார் செய்பவன் புதிய முறையால் செலவைக் குறைத்தால், அந்த ஆதாயத்தின் ஒரு பங்கைத் தொழிலாளர் சங்கம் கூலியாகவும் நிறுவனம் இலாபமாகவும் பிடித்துவைத்துக்கொள்ளும். பல லட்சம் சிறு விவசாயிகள் போட்டியிட்டு விற்கும் கொக்கோவிலோ விளைச்சல் கூடினால் விலை விழும், ஆதாயம் வாங்குபவனுக்கே போய்ச் சேரும்.

கானாவில் இது கண்முன்னே நடந்தது. 1959-60இல் மூன்று லட்சம் டன்னைச் சற்றே தாண்டியிருந்த விளைச்சல், 1964-65இல் ஐந்தரை லட்சம் டன்னைக் கடந்தது. பூச்சிமருந்து தெளித்து, புதிய மரம் நட்டு, விவசாயிகள் செய்த சாதனை அது. அதே காலத்தில் நைஜீரியாவும் ஐவரி கோஸ்டும் கூடுதலாக விளைவித்தன. 1965இல் விலை, 1954இன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கூடுதலாக விளைவித்த நாட்டுக்குக் கடன் கட்ட அந்நியச் செலாவணி இல்லை. 1966 பிப்ரவரியில் நாட்டின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ருமாவின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தபோது கருவூலம் காலியாக இருந்தது.

எனினும் விலைச் சரிவோடு கதையை நிறுத்தினால் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். விழுந்த விலையிலும் விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கொக்கோவை ஒரே கையாக வாங்கி விற்கும் சந்தை வாரியத்தை 1947இல் அமைத்தது ஆங்கிலேய அரசு. நல்ல விலை வரும்போது ஒரு பகுதியைச் சேமித்துவைத்து, விலை விழும்போது விவசாயிக்குத் தாங்கிக் கொடுப்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. சேமித்த பணம் ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் பவுண்டு, கையிருப்பாக லண்டனில் கிடந்தது. போருக்குப் பின் தள்ளாடிக்கொண்டிருந்த பவுண்டுக்கு ஏழை விவசாயியின் பணம் முட்டுக்கொடுத்தது. உள்நாட்டு ஆட்சி நிக்ருமாவின் கட்சியிடம் வந்த பின் வாரியத்தின் கையிலிருந்த இந்தச் சாவியை யாரும் விவசாயியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. 1954இல் உலக விலை உச்சத்தில் இருந்தபோது, விவசாயிக்குரிய விலையைத் தாழ்ந்த மட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் சட்டம் வந்தது. அடுத்த மாதமே குமாசியில் அஷாந்தி மக்களின் எதிர்ப்பு இயக்கம் ஒன்று பிறந்தது. அந்தப் பணத்தில் பள்ளிகளும் சாலைகளும் மருத்துவமனைகளும் எழுந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் திருடப்பட்டது என்பது உண்மையன்று. ஆனால் 1970களில் நாணயத்தின் அதிகார மதிப்பு உண்மைக்கு வெகுதூரம் விலகியதும், விவசாயி பெற்ற தொகை மரத்தைப் பராமரிக்கும் செலவுக்கே போதவில்லை. சிலர் மூட்டைகளை இரவோடு இரவாக எல்லை கடத்தி ஐவரி கோஸ்டிலும் டோகோவிலும் விற்றார்கள். சிலர் மரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ள, 1983-84இல் விளைச்சல் 1.6 லட்சம் டன்னுக்கு இறங்கியது. உலகின் முதலிடம் அதற்கு முன்பே ஐவரி கோஸ்டுக்குப் போய்விட்டிருந்தது.

நாடுகளின் செல்வத்தை அவற்றின் ஆட்சி அமைப்புகளே தீர்மானிக்கின்றன என்று வாதிட்டு 2024இல் நோபல் பரிசு பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் ஆகிய மூவருக்கும் இந்த வாரியம் நல்ல சான்றாகும். அந்நியன் சுரண்டுவதற்காக அமைத்த பொறி, ஆள் மாறிய பின்னும் அதே வேலையைச் செய்கிறது என்பது அவர்கள் சுட்டும் முக்கியமான உண்மை. ஆனால் மக்களுக்கு உரிமையும் வாய்ப்பும் தரும் அமைப்பு இருந்தால்தான் வளர்ச்சி தொடங்கும் என்று இதைச் சுருக்கிக்கொண்டால், கொரியாவில் தடுக்கி விழுவோம். 1961இல் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ வங்கிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தார், சங்கங்களை ஒடுக்கினார், எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளினார். சியோலின் அமைதிச் சந்தையில், நிமிர்ந்து நிற்க முடியாத தையற்கூடங்களில் பதின்வயதுப் பெண்கள் வேலை செய்த நிலையை மாற்றக் கோரி, ஜியோன் டே இல் என்ற 22 வயதுத் தொழிலாளி 1970 நவம்பரில் தீக்குளித்து இறந்தார். உங்கள் மேலாளர் உழைப்பு என்று சொல்லும்போது அந்தப் பெண்களின் உழைப்பும் அதில் அடங்கும். அதற்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

அப்படியானால் கொரியாவில் வேறுபட்டது எது? என் பார்வையில் முதற்காரணம் நிலம். ஜப்பானிய ஆட்சியில் பெரும்பாலான உழவர்கள் குத்தகைக்காரர்கள், விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் நிலக்கிழாருக்குக் குத்தகையாகப் போனது. பழைய நெல் தீர்ந்து வாற்கோதுமை இன்னும் விளையாத வசந்த மாதங்களின் பட்டினி இதிலிருந்து வந்ததுதான். 1948இல் ஜப்பானியரிடமிருந்த நிலங்கள் உழவர்களுக்கு விற்கப்பட்டன. 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ மூன்று ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்து, மீதியை உழுபவருக்கு மாற்றியது. ஓராண்டு விளைச்சலைப் போல ஒன்றரை மடங்கை ஐந்து ஆண்டுகளில் கட்டினால் போதும். வடக்கே கம்யூனிச அரசு நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டதால், தெற்கே ஆள்வோருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. நிலக்கிழார்களுக்குக் கிடைத்த பத்திரங்களைப் போர்க்காலப் பணவீக்கம் தின்றுவிட்டது. இதனால் உழவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போனது ஒரு பலன். தொழிற்கொள்கைக்குக் குறுக்கே நிற்கும் வலிமையுள்ள ஒரு பழைய வர்க்கமே இல்லாமல் போனது, என் கணிப்பில் அதைவிடப் பெரிய பலன்.

அடுத்தது, சலுகைக்குக் கணக்குக் கேட்கப்பட்ட விதம். கொரியாவின் தொடக்ககால ஏற்றுமதிகளில் சவுரிமுடி, அதாவது தலையில் அணியும் செயற்கைக் கூந்தல், முதன்மையானவற்றுள் ஒன்று என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1965இல் சீனத் தலைமுடியில் செய்த சவுரிகளுக்கு அமெரிக்கா தடை விதித்தபோது, கொரியப் பட்டறைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சவுரியோ, ஒட்டுப்பலகையோ, சட்டையோ, எதை ஏற்றுமதி செய்தாலும் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் கிடைக்கும். சொன்ன அளவு ஏற்றுமதி செய்யாத நிறுவனத்துக்கு அது நின்றுபோகும். மாதந்தோறும் அமைச்சர்களையும் தொழிலதிபர்களையும் உட்காரவைத்து, ஏற்றுமதிக் கணக்கைக் குடியரசுத் தலைவரே பார்வையிட்டார். 1964இல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரை எட்டியது. கானாவின் அரசுத் தொழிற்சாலைகளுக்கும் சலுகைகள் கிடைத்தன, ஆனால் எந்த ஆண்டுக்குள் எதைச் சாதித்துக் காட்ட வேண்டும் என்று கேட்கும் ஏற்பாடு அங்கே இருக்கவில்லை.

மூன்றாவதாக, உலக அரசியல் கொரியாவுக்குத் திறந்துவிட்ட வாசல்கள். அமெரிக்க உதவியும் அமெரிக்கச் சந்தையும் அதன் ராணுவ முக்கியத்துவத்தால் வந்தவை. வியட்நாம் போர்க் கொள்முதல் கொரிய நிறுவனங்களுக்குப் பெரிய வருவாயாயிற்று. 1965இல் ஜப்பானுடன் செய்த உடன்பாட்டில் 30 கோடி டாலர் கொடையாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் வந்தன. கொரியாவுக்கு எஃகு ஆலை கட்டுபடியாகாது என்று உலக வங்கி கைவிரித்தபோது, அந்தப் பணத்தின் ஒரு பகுதியைப் போட்டுத்தான் போகாங் ஆலையைக் கட்டி 1973இல் எஃகு வார்த்தார்கள். உழைப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்லும்போது இவை அத்தனையும் மறைந்துபோகின்றன.

உங்கள் மகளின் பாடநூலில் இருக்கும் பெயர்களில் நான் மிகவும் மதிப்பது ஆர்தர் லூயிஸை. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த அவர், பின்னாளில் 1979இல் நோபல் பரிசு பெற்றவர். வேளாண்மையில் தேவைக்கு மேல் தேங்கியிருக்கும் உழைப்பாளரைத் தொழில்துறை ஈர்த்துக்கொண்டு வளரும் என்ற 1954ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்காகவே அவரைப் பாடநூல்கள் சொல்கின்றன. அதற்கு ஓராண்டு முன்பு கோல்ட் கோஸ்ட் அரசுக்காக அவர் எழுதிய அறிக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொழில்மயமாக வேண்டுமானால் முதலில் உணவுப் பயிரின் விளைச்சலைக் கூட்டுங்கள், ஏனெனில் நகரத்துக்குச் சோறு போடுவதும் ஆலைப் பொருளை வாங்குவதும் உழவர்தாம் என்று அதில் அவர் வற்புறுத்தியிருந்தார். விடுதலைக்குப் பின் நிக்ருமாவின் ஆலோசகராகவும் சேர்ந்து, பெருந்திட்டங்களின் மீதான கருத்து வேறுபாட்டால் 1958இல் விலகினார்.

அவர் அஞ்சியதற்கு அகோசொம்போ அணையே எடுத்துக்காட்டு. வோல்டா ஆற்றைத் தடுத்துக் கட்டி 1966 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த அணைக்காக ஏறத்தாழ 80,000 பேர் ஊரைவிட்டு எழுப்பப்பட்டார்கள். அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு டேமா துறைமுகத்தில் அமெரிக்க நிறுவனங்கள் அமைத்த அலுமினிய உருக்காலைக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் மிக மலிவாகப் போனது. கானாவின் மண்ணில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடந்தும், அதிலிருந்து பிரித்தெடுத்து ஆலையில் உருக்கும் அலுமினாவைக் கப்பலில் இறக்குமதி செய்தார்கள். உருக்கிய அலுமினியம் கப்பலில் வெளியே போனது. சில ஆயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆனால் சுற்றிலும் துணைத்தொழில்கள் முளைக்கவில்லை, உழவனின் வயலுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. மின்சாரத்தின் மீது நிக்ருமா கொண்டிருந்த நம்பிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன், அந்த நம்பிக்கை நியாயமானது. ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் நாடு தோற்றது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். ஏழை நாட்டின் மீது வெளியிலிருந்து அழுத்தும் சுமை எது என்பதற்குப் பிரெபிஷும், ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதே அவற்றின் வறுமைக்குக் காரணம் என்னும் சார்புக் கோட்பாட்டினரும் சரியான விடை சொல்கிறார்கள். அந்தச் சுமை எல்லா நாட்டின் மீதும் இருக்க, சில நாடுகள் எப்படித் தப்பின என்பதற்கு அவர்களிடம் விடை குறைவு. உள்ளே யார் யாரைச் சுரண்டுகிறார்கள் என்பதை, ஆட்சி அமைப்புகளை முன்னிறுத்தும் அசெமோக்லு போன்றவர்கள் நன்றாகக் காட்டுகிறார்கள், ஆனால் உலகச் சந்தை அவர்கள் எழுத்தில் மங்கிவிடுகிறது. கொரியாவும் 35 ஆண்டுகள் காலனியாக இருந்ததுதான் என்பதால் காலனியாதிக்கத்தையே காரணப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது பிழை. தங்கச் சுரங்கத்திலிருந்து செகொண்டி துறைமுகத்துக்கு ஓடிய கோல்ட் கோஸ்டின் முதல் இரயில்பாதையையும், பல நூற்றாண்டு அடிமை வணிகம் அந்தக் கரையில் செய்ததையும் மறந்து அந்நாட்டின் கதையை எழுத முடியாது. என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் முதல் ஏற்றுமதி ஈட்டும் உபரி யார் கைக்குப் போயிற்று, அது அடுத்த தலைமுறையின் திறமையாக மாறிற்றா என்ற கேள்வியை முதலில் வைத்து, அதற்கு உதவும் அளவில் ஒவ்வொரு கோட்பாட்டையும் எடுத்துக்கொள்வேன். தேர்வில் ரோஸ்டோவைப் பற்றி எழுதும்போது ஐந்து நிலைகளைச் சொன்னதும் மூன்றாவது பத்தியிலேயே கானாவைக் கொண்டுவரும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பெயர்களை மட்டும் அடுக்கும் விடைத்தாளைவிட, ஒரு நாட்டை ஆண்டும் பொருளும் சொல்லி நடத்திக்காட்டும் விடைக்குத் திருத்துபவர் மதிப்புத் தருவார்.

கானா இனிமேல் கொரியா ஆகுமா என்பதற்கு வருகிறேன். கொரியா ஏறிவந்த வழிகளில் சில இன்று அடைக்கப்பட்டுவிட்டன. 1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த விதிகள், உள்ளூர்ப் பாகங்களைத்தான் வாங்க வேண்டும் என்று வெளிநாட்டு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கின்றன. சட்டையும் செருப்பும் தைத்து முன்னேற வரும் நாடு இன்று சீனாவோடும் வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் மோத வேண்டும். கொக்கோவை உள்நாட்டிலேயே அரைத்தால் போதும் என்ற முழக்கத்திலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அரைப்பது இயந்திரத்தின் வேலை, அதில் ஆட்களுக்கு இடம் குறைவு, சாக்லேட்டின் விலையில் பெரும்பங்கு பெயரிலும் கடைத்தெருவிலும் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல முயற்சி நடந்தது. உலகக் கொக்கோவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை விளைவித்துவந்த கானாவும் ஐவரி கோஸ்டும் 2019இல் சேர்ந்து, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தந்தால்தான் விற்போம் என்று அறிவித்து, 2020-21 பருவத்திலிருந்து அதை நடைமுறைப்படுத்தின. வாங்கும் நிறுவனங்கள் வழக்கமாகத் தந்துவந்த வேறு கூடுதல் தொகைகளைக் குறைத்து அதன் பலனைக் கரைத்துவிட்டன என்ற புகார் உடனே எழுந்தது. பிறகு 2024இல், நோயாலும் மழைக் கோளாறாலும் கொக்கோக் காடுகளையே தோண்டிப்போடும் கள்ளத் தங்கச் சுரங்கங்களாலும் விளைச்சல் சரிந்து, உலக விலை டன் 10,000 டாலரைத் தாண்டியபோது, கானாவின் வாரியம் பெருமளவு கொக்கோவை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றுவைத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 64 கிலோ மூட்டைக்கு 3,000 செடி (கானாவின் நாணயம்) என்று கொள்முதல் விலை உயர்த்தப்பட்டும், அது அன்றைய உலக விலையில் பாதியைக்கூட எட்டவில்லை. முன்விற்பனையைப் பிணையாகக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் கடன் வாங்கித்தான் வாரியம் கொள்முதல் செய்துவந்தது என்பதால், விலை ஏறும்போது விவசாயிக்குக் கொடுக்க அதன் கை கட்டப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட கடன் முறையில் 400 டாலர் வாங்கினாலும் 800 டாலர் வாங்கினாலும் பணம் ஊர்களுக்குப் போய்ச் சேராது என்றே நினைக்கிறேன்.

கானா கொரியா ஆக வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனுக்கான தவணையை நிறுத்திய நிலையிலிருந்து மீண்டு, தன் உழவர்களின் வருமானத்தை ஒரு தலைமுறைக்குள் மூன்று மடங்காக்கினாலே அது பெரிய சாதனை. 2021 ஜனவரியில் தொடங்கிய ஆப்பிரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் தலைமைச் செயலகம் அக்ராவில்தான் இயங்குகிறது. பக்கத்து நாடுகளுக்கு உணவுப் பொருளும் எளிய ஆலைப் பொருளும் விற்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குச் சாக்லேட் விற்பதைவிட, அந்தப் போட்டியில் கானா வெல்வது எளிது. உங்கள் மைத்துனரிடம் பேசும்போது, அவர் கடையில் விற்கும் தக்காளி விழுது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தக்காளி விளையும் நாடாக இருந்தும், டப்பாவில் அடைத்த விழுதைக் கானா சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் இறக்குமதி செய்கிறது. வடக்கே விளையும் தக்காளியை அழுகுமுன் வாங்கி அடைக்கும் ஆலைகள் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கினால், லூயிஸ் 1953இல் சொன்ன இடத்திலிருந்து அந்த நாடு புறப்பட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.